பண்பாடு, வணிக அறம், சமூகம்: ஆய்வுக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதுகலை மாணவர்கள், முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள், வேலை பார்த்துக்கொண்டே ஆய்வில் ஆர்வம் கொண்டவர்கள் எனப் பலரும் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கூடியவரை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்திருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

வணிக அறம் என்றால் எது சரி, எது தப்பு என்று சொல்வதுதானே? அதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. எது சரி, ஏன் சரி என்று வாதிடுவது ஒன்று. அது மெய்யியலின் வேலை. மனிதர்கள் வேலையிடத்தில் உண்மையில் என்ன செய்கிறார்கள், அதற்கு என்ன நியாயம் சொல்கிறார்கள், எந்தச் சூழலில் வளைந்துகொடுக்கிறார்கள் என்று பார்ப்பது இன்னொன்று. அதைச் சமூகவியல், மானுடவியல், உளவியல், பொருளாதாரம், வரலாறு எல்லாம் சேர்ந்து செய்கின்றன. லஞ்சம் தவறு என்று நிறுவுவதற்குக் களத்துக்குப் போக வேண்டியதில்லை. லஞ்சம் தவறு என்று மனதார நம்பும் ஒருவர் மாதாமாதம் அதைக் கொடுத்துக்கொண்டிருப்பது எப்படி என்று தெரியவேண்டுமானால், அவரோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

இரண்டும் கலந்துபோகும் இடத்தில் ஆய்வேடுகள் சறுக்குகின்றன. பெரும்பாலோர் செய்கிறார்கள் என்ற கண்டுபிடிப்பிலிருந்து, ஆகவே அது சரி என்ற முடிவுக்குத் தாவ முடியாது. நடுவில் ஒரு வாதம் வேண்டும். அந்த வாதத்தை வெளிப்படையாக எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்த முடிவை விட்டுவிடுங்கள்.

லாபம் சம்பாதிப்பதுதானே கம்பெனியின் வேலை? அறத்தை ஏன் அதன் தலையில் கட்டுகிறீர்கள்?

இந்த வாதத்தின் கூர்மையான வடிவம் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1970இல் நியூயார்க் டைம்ஸின் ஞாயிறு இதழில் எழுதிய கட்டுரை. மேலாளர் செலவிடுவது பங்குதாரர்களின் பணம். அதைத் தனக்குப் பிடித்த சமூகப் பணிக்குச் செலவிட அவருக்கு உரிமை இல்லை என்றார். மேற்கோள் காட்டும் பலர் அவர் போட்ட நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். ஏமாற்றும் மோசடியும் இல்லாத திறந்த போட்டி, விளையாட்டின் விதிகளுக்கு உட்பட்டு நடப்பது என்ற வரம்புக்குள்தான் அவர் லாபத்தைப் பேசினார். 1984இல் எட்வர்ட் ஃப்ரீமன் மறுபக்கத்தை முன்வைத்தார்: தொழிலாளர், வாடிக்கையாளர், சரக்கு கொடுப்பவர், சுற்றியிருக்கும் ஊர் என நிறுவனத்தோடு பிணைந்த எல்லோருக்கும் அதன் முடிவுகளில் பங்கு உண்டு என்பது அவர் வாதம்.

இருவரில் யார் சரி என்று எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம். எனக்கு இதைவிடப் பயனுள்ளதாகத் தோன்றும் கேள்வி வேறு. விளையாட்டின் விதிகளை எழுதுவதில் நிறுவனங்களுக்கே பங்கு இருக்கும்போது, விதிகளுக்கு உட்பட்டு நடந்தோம் என்பதற்கு எவ்வளவு மதிப்பு? இதைக் களத்தில் ஆராயலாம். சட்ட வரைவுகள், கருத்துக்கேட்புக் கூட்டங்களின் குறிப்புகள், நிறுவனங்கள் அனுப்பிய மனுக்கள் எல்லாம் பல நாடுகளில் பொது ஆவணங்களாகவே கிடைக்கின்றன.

பண்பாடு என்றால் சரியாக என்ன? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே.

1952இல் மானுடவியலாளர்கள் க்ரோபரும் க்ளக்ஹோனும் பண்பாட்டுக்குக் கொடுக்கப்பட்ட வரையறைகளைத் திரட்டியபோது 150க்கும் மேல் கிடைத்தன. எனவே எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வரையறையைத் தேடி மாதக்கணக்கில் செலவிடாதீர்கள். ஒரு கூட்டத்தில் இருப்பவர்கள் எதை இயல்பு என்றும், எதைக் கூச்சத்துக்குரியது என்றும், எதைப் பேசவே கூடாதது என்றும் கருதுகிறார்கள். அதைப் புதிதாக வருபவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆய்வைத் தொடங்க இவ்வளவு போதும்.

பண்பாடு மாறும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். விவியானா செலைசர் 1979இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் பலருக்கு ஆயுள் காப்பீடு அருவருப்பாக இருந்தது. கணவனின் சாவுக்கு விலை வைத்துப் பணம் வாங்குவதா, கடவுளோடு சூதாடுவதா என்று கேட்டார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் நிலைமை தலைகீழானது. காப்பீடு எடுக்காமல் செத்துப்போகிறவன்தான் குடும்பத்தை நட்டாற்றில் விட்டவன் என்று ஆனான். வணிகம் பண்பாட்டுக்கு வளைந்தது, பண்பாடும் வணிகத்தால் வளைந்தது. ஆகவே ‘பண்பாடுதான் காரணம்’ என்று எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிடாதீர்கள். அந்தப் பண்பாடு எப்படி வந்தது, யார் அதைக் காக்கிறார்கள், யாருக்கு அதனால் லாபம் என்று அங்கிருந்துதான் வேலை தொடங்குகிறது. இந்தப் பக்கத்தில் நான் வலியுறுத்த விரும்புவது இந்த ஒன்றைத்தான். பின்வரும் பதில்களில் இது திரும்ப வரும்.

கேள்வித்தாள் கொடுத்தால் போதுமா, நேர்காணலும் செய்ய வேண்டுமா?

உங்கள் கேள்வியைப் பொறுத்தது. எத்தனை பேர், எவ்வளவு, எதோடு எது சேர்ந்து வருகிறது என்பவற்றுக்குக் கேள்வித்தாள். எப்படி, என்ன பொருளில் என்பவற்றுக்கு நேர்காணல். சொல்வதற்கும் செய்வதற்கும் இடைவெளி இருக்கும் என்று தோன்றினால் இரண்டுமே போதாது, அங்கேயே இருந்து பார்க்க வேண்டும்.

ஆல்வின் கூல்ட்னர் ஜிப்சம் சுரங்கமும் ஆலையும் சேர்ந்த ஒரு தொழிலிடத்தை ஆராய்ந்து 1954இல் எழுதினார். அங்கே புகை பிடிக்கக் கூடாது என்று விதி இருந்தது. தொழிலாளர்களும் பிடித்தார்கள், மேலாளர்களும் கண்டுகொள்ளவில்லை. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஆய்வாளர் வரும்போது மட்டும் எல்லோருக்கும் தகவல் போகும், எல்லோரும் அணைத்துவிடுவார்கள். விதி வெளியிலிருந்து வந்தது, இரு தரப்புக்குமே அது தங்களுடையதாகத் தோன்றவில்லை. ‘உங்கள் நிறுவனத்தில் பாதுகாப்பு விதிகள் உள்ளனவா?’ என்ற கேள்வித்தாளில் இந்த இடம் முழு மதிப்பெண் வாங்கியிருக்கும்.

எத்தனை பேரிடம் பேசினால் போதும்? என் நெறியாளர் முப்பது என்கிறார், நண்பர் பன்னிரண்டு என்கிறார்.

பன்னிரண்டு என்ற எண் பெரும்பாலும் 2006இல் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து வருகிறது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் இரண்டில் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை வரிசையாகப் பகுத்தபோது, முக்கியமான கருப்பொருள்கள் ஏறக்குறைய எல்லாம் முதல் 12 நேர்காணல்களிலேயே வந்துவிட்டன. ஆனால் அந்தப் பெண்கள் ஓரளவு ஒரே மாதிரியான நிலையில் இருந்தவர்கள், அவர்களிடம் கேட்கப்பட்டதும் ஒரே பொருள் பற்றியது. முதலாளி, மேற்பார்வையாளர், ஒப்பந்தத் தொழிலாளர் என்று மூன்று தரப்பு இருக்கும் ஆய்வில் மொத்தமாகப் பன்னிரண்டு பேரோடு நிறுத்தினால், ஒவ்வொரு தரப்பிலும் நான்கு குரல்தான் கேட்டிருக்கும். புதிதாக எதுவும் வராத நிலை வந்துவிட்டதா என்று தரப்புவாரியாகப் பாருங்கள். ஏன் நிறுத்தினேன் என்று ஆய்வேட்டில் காரணம் எழுதுங்கள். எண்ணைவிட அந்தக் காரணம்தான் முக்கியம்.

‘நீங்கள் லஞ்சம் கொடுத்தீர்களா?’ என்று கேட்டால் யார் உண்மை சொல்வார்கள்?

நேரடியாகக் கேட்டால் பலர் சொல்ல மாட்டார்கள். அதற்காகவே ஸ்டான்லி வார்னர் 1965இல் ஒரு வழியை முன்வைத்தார். பதில் சொல்பவரைத் தற்செயல் காப்பாற்றும், ஆனால் மொத்தக் கணக்கு ஆய்வாளருக்குக் கிடைத்துவிடும். பின்னாளில் எளிமையாக்கப்பட்ட ஒரு வடிவத்தைச் சொல்கிறேன். ஒவ்வொருவரும் யாரும் பார்க்காமல் நாணயம் சுண்டுகிறார்கள். தலை விழுந்தால், உண்மை எதுவானாலும் ‘ஆம்’ என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். 1000 பேரில் 600 பேர் ‘ஆம்’ என்றால், அதில் ஏறக்குறைய 500 நாணயம் சொன்ன ‘ஆம்’. மீதி 100 பேர், பூ விழுந்த 500 பேரிலிருந்து வந்தவர்கள். அதாவது சுமார் 20 சதவீதம். ‘ஆம்’ என்ற எந்த ஒருவரையும் கைகாட்டி நீ கொடுத்தாய் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்கு விலையும் உண்டு. தற்செயலால் வரும் ஏற்ற இறக்கம் கலந்திருப்பதால் நேரடிக் கேள்வியைவிட அதிகம் பேர் தேவைப்படுவார்கள். விதியைப் புரிந்துகொள்ளாதவர்களும், புரிந்தும் ‘ஆம்’ சொல்லத் தயங்குபவர்களும் இருப்பார்கள். அதனால் முதலில் சிறு குழுவிடம் சோதித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். கேட்காமலே நடத்தையைப் பார்க்கும் இன்னொரு வழியும் இருக்கிறது. கொஞ்சம் கீழே பணப்பை ஆய்வைப் பற்றிச் சொல்லும்போது அது வரும்.

ஹோஃப்ஸ்டெட் மதிப்பெண்களை எடுத்து என் ஆய்வில் அப்படியே போடலாமா?

வணிகத் துறை ஆய்வேடுகளில் பாதிக்குப் பாதி இதைச் செய்வதுபோல் தோன்றுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேர்ட் ஹோஃப்ஸ்டெட் ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை எடுக்கப்பட்ட 1,16,000க்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களைப் பகுத்து 1980இல் தன் முடிவுகளை வெளியிட்டார். அதிகார இடைவெளி, தனிநபர் முனைப்பு, ஆண்மைச் சாய்வு, நிச்சயமின்மையைத் தவிர்த்தல் என நாடுகளின் பண்பாட்டை அளக்க நான்கு அளவுகோல்கள். பின்னர் வேறு இரண்டு சேர்ந்தன. 40 நாடுகளை ஒரே தராசில் வைத்துப் பார்த்தது அந்தக் காலத்தில் உண்மையாகவே பெரிய முயற்சி.

ஆனால் பதில் சொன்னவர்கள் எல்லோரும் ஒரே நிறுவனத்துக்காரர்கள், அதிலும் பெரும்பகுதி விற்பனை, வாடிக்கையாளர் சேவைப் பிரிவினர். மொத்த எண்ணிக்கை பெரிதாக இருந்தாலும் நாடுகளுக்கிடையே அது சமமாகப் பிரியவில்லை. பல நாடுகளில் 200 பேர்கூட இல்லை என்று ப்ரெண்டன் மெக்ஸ்வீனி 2002இல் சுட்டிக்காட்டினார். தரவோ அரை நூற்றாண்டுக்கும் பழையது. காப்பீடு பற்றி மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள், அவ்வளவு காலத்தில் என்னவெல்லாம் மாறிவிடுகிறது!

இன்னும் பெரிய ஆபத்து, நாட்டின் மதிப்பெண்ணைத் தனி மனிதரின் தலையில் ஒட்டுவது. இந்தப் பிழையை டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950லேயே காட்டினார். 1930 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் இருந்த பகுதிகளில் எழுத்தறிவும் அதிகமாக இருந்தது. தனி மனிதர்களாக எடுத்துப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் எழுத்தறிவு சற்றுக் குறைவு! ஏற்கெனவே எழுத்தறிவு மிகுந்த பகுதிகளில் அவர்கள் போய்க் குடியேறியதுதான் காரணம். தன் அளவுகோல்கள் தனிநபர்களை அளப்பதற்கானவை அல்ல என்று ஹோஃப்ஸ்டெட்டே எச்சரித்திருக்கிறார். உங்கள் கருதுகோள் நாடுகளைப் பற்றியது என்றால் இந்த வரம்புகளைச் சொல்லிப் பயன்படுத்தலாம். உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் நாற்பது ஊழியர்களைப் பற்றியது என்றால் அவர்களிடமே கேளுங்கள்.

அப்படியானால் சில நாட்டுக்காரர்கள் நேர்மை குறைந்தவர்கள் என்று வரும் செய்திகள் எல்லாம் பொய்யா?

பொய் என்று ஒரேயடியாகத் தள்ள முடியாது. ரேமண்ட் ஃபிஸ்மனும் எட்வர்ட் மிகலும் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். நியூயார்க்கில் ஐநா தூதர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு; வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தினால் அபராதச் சீட்டு வரும், கட்டாவிட்டாலும் அப்போது ஒன்றும் நடக்காது. 1997 நவம்பர் முதல் 2002 முடிய 1,50,000க்கும் மேற்பட்ட சீட்டுகள் கட்டப்படாமல் கிடந்தன, மொத்தம் 1.8 கோடி டாலருக்கும் மேல். எல்லோரும் ஒரே ஊர், ஒரே சட்டம், ஒரே விதிவிலக்கு. ஆனாலும் ஊழல் மிகுந்தவை என்று மதிப்பிடப்பட்ட நாடுகளின் தூதர்கள் அதிகம் மீறினார்கள். பழகிய வழக்கம் கூடவே பயணிக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று.

செய்திகளில் பெரும்பாலும் வராத பாதி இனிமேல்தான். 2002 நவம்பரில், மூன்று சீட்டுக்கு மேல் கட்டாத வண்டிகளின் தூதரக எண் பலகையைப் பறிக்கும் அதிகாரம் நகருக்குக் கிடைத்தது. மீறல்கள் ஏறக்குறைய 98 சதவீதம் குறைந்தன. அதே மனிதர்கள், அதே பண்பாடு. இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் எழுதுவது நியாயம் இல்லை.

பணப்பை ஆய்வு 2019இல் வந்தது. 40 நாடுகள், 355 நகரங்கள், 17,303 பணப்பைகள். தெருவில் கிடந்தது என்று சொல்லி வங்கி, விடுதி, அஞ்சலகம் போன்ற இடங்களின் வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டு, உரியவருக்குத் தகவல் போகிறதா என்று பார்த்தார்கள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. நாடுகளுக்கிடையே பெரிய வேறுபாடு இருந்தது உண்மை. ஆனால் பணம் இல்லாத பையைவிடப் பணம் இருந்த பைதான் அதிகம் திரும்பி வந்தது. சராசரியாக முதலாவது 40 சதவீதம், இரண்டாவது 51 சதவீதம். 40 நாடுகளில் 38இல் இதே போக்கு. தனியாகக் கேட்டுப் பார்த்தபோது பொதுமக்களாலும் பொருளாதார வல்லுநர்களாலும் இந்த முடிவைக் கணிக்க முடியவில்லை. அடுத்தவர் நேர்மையை நாம் குறைத்து எடைபோடுகிறோம் என்பதே ஒரு பண்பாட்டுக் கேள்வி. அதை ஆராய இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

பரிசுக்கும் லஞ்சத்துக்கும் எங்கே கோடு போடுவது? பரிசு கொடுப்பது எங்கள் வழக்கம் என்கிறார்களே.

பரிசு இலவசம் இல்லை என்று மார்செல் மாஸ் 1925லேயே எழுதினார். கொடுக்கும் கடமை, வாங்கிக்கொள்ளும் கடமை, திருப்பித் தரும் கடமை மூன்றும் சேர்ந்துதான் பரிசு உறவு நிற்கிறது. அதனால் திருப்பி எதிர்பார்த்தார்கள், எனவே லஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. எதிர்பார்ப்பு எல்லாப் பரிசிலும் இருக்கிறது.

நான் வைத்துக்கொள்ளும் கேள்வி இது: திருப்பித் தரப்படுவது யாருடைய சொத்து? பரிசு வாங்கியவர் பின்னால் தன் கைப்பொருளிலிருந்து, தன் நேரத்திலிருந்து தருகிறார். லஞ்சம் வாங்கிய அதிகாரி தருவது தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை: கையெழுத்தை, உரிமத்தை, வரிசையில் முன்னால் ஓர் இடத்தை. அது பொதுமக்களுடையது, அல்லது அவர் வேலை செய்யும் நிறுவனத்துடையது. அடுத்தது, வெளியில் சொல்ல முடியுமா என்று பாருங்கள். வழக்கமான பரிசைச் சபையில் வைத்தே கொடுப்பார்கள். வழக்கம் என்று சொல்லிக்கொண்டே மறைத்துக் கொடுக்கிறார்கள் என்றால், அந்த மறைப்பே அவர்கள் பண்பாட்டின் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது.

சட்டமும் இந்தக் கோட்டில் தடுமாறுகிறது. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதைத் தடுக்கும் 1977ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், வழக்கமான அலுவல் வேலையை வேகப்படுத்தக் கொடுக்கும் சிறு தொகைக்கு விலக்கு வைத்தது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு சட்டத்தில் அந்த விலக்கு கிடையாது. இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் உட்பட்ட ஒரு நிறுவனத்தில் இந்த முடிவை யார், எப்படி எடுக்கிறார்கள் என்பது அருமையான ஆய்வுத் தலைப்பு.

அவர்கள் பண்பாட்டில் அது சரி என்றால் வெளியிலிருந்து நாம் தப்பு என்று சொல்லலாமா?

தாமஸ் டொனால்ட்சனும் தாமஸ் டன்ஃபீயும் 1990களில் ஒரு நடுவழி சொன்னார்கள். ஒவ்வொரு சமூகமும் தன் வணிக நெறிகளைத் தானே அமைத்துக்கொள்ளப் பரந்த இடம் உண்டு. ஆனால் உயிர், அடிப்படை மனித கண்ணியம் போன்ற சில உயர்நெறிகளை எந்த உள்ளூர் நெறியும் மீறக் கூடாது. அதோடு, உள்ளூர் நெறி என்று எண்ணப்பட வேண்டுமானால் அந்தச் சமூகத்தினர் அதை ஏற்றிருக்க வேண்டும், பிடிக்காதவர்கள் வெளியேறவும் வழி இருக்க வேண்டும். உயர்நெறிகளின் பட்டியலை யார் எழுதுவது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

களத்தில் எனக்கு அதிகம் உதவுவது அவர்களின் இரண்டாவது நிபந்தனை. இது எங்கள் பண்பாடு என்று சொல்வது யார்? பெரும்பாலும் அந்த வழக்கத்தால் நன்மை அடைபவர். பாதிக்கப்படுபவரிடம் தனியாகப் பேசினால் வேறு பதில் வரலாம். அதே சமூகத்துக்குள்ளேயே அந்த வழக்கத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களின் வரலாறு இருக்கிறதா என்றும் தேடுங்கள். இருந்தால், உள்ளே, வெளியே என்ற எதிர்நிலையே பொருந்தாது.

நல்ல மனிதர்கள் இருக்கும் நிறுவனத்தில் இவ்வளவு பெரிய தவறு எப்படி நடக்கிறது? யாரோ ஒரு கெட்டவர் இருந்துதானே ஆக வேண்டும்?

இந்தத் துறையில் என்னை அதிகம் உலுக்கிய கேள்வி இதுதான். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் சரியாக வேலை செய்யவில்லை. முந்தின இரவு, அந்த ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் ஏவ வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியை மாட்டிக்கொள்ளுங்கள் என்று அவர்களின் மேலதிகாரி ஒருவரிடம் சொல்லப்பட்டது. முடிவு மாறியது. கால அட்டவணைக்காகத் தெரிந்தே உயிர்களைப் பணயம் வைத்தார்கள் என்றுதான் எவரும் நினைப்போம்.

சமூகவியலாளர் டயான் வானும் அந்த எண்ணத்தோடுதான் ஆவணங்களுக்குள் நுழைந்தார். ஆண்டுக்கணக்கில் படித்து 1996இல் அவர் எழுதியது வேறு. முந்தைய பயணங்களில் வளையம் கொஞ்சம் அரிக்கப்பட்டு வந்தது. ஆராய்ந்தார்கள், ஏற்கத்தக்க அளவு என்று முறைப்படி பதிவு செய்தார்கள். அடுத்த முறை இன்னும் கொஞ்சம், மறுபடி அதே ஆய்வு, அதே கையெழுத்து. விதியை மீறி அந்த இடத்துக்கு வரவில்லை, விதிப்படியே நடந்து வந்தார்கள். பிறழ்வு இப்படி மெல்ல மெல்ல வழக்கமாகிவிடுவதற்கு ‘பிறழ்வின் இயல்பாக்கம்’ என்று அவர் பெயர் வைத்தார்.

உள்ளிருந்து வந்த சாட்சியமும் இருக்கிறது. டெனிஸ் ஜோயா 1970களின் முற்பகுதியில் ஃபோர்டு நிறுவனத்தில், பழுதான வண்டிகளைத் திரும்ப அழைப்பதை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் இருந்தார். பின்னாலிருந்து மோதினால் தீப்பிடிக்கும் என்று பின்னர் பெயர்பெற்ற பின்டோ கார் பற்றிய தகவல் அவர் மேசைக்கும் வந்தது. திரும்ப அழைக்க வேண்டாம் என்று வாக்களித்தார். பேராசிரியரான பிறகு 1992இல் இதைப் பற்றி எழுதியபோது, அப்போது அது தனக்கு அறக் கேள்வியாகவே தோன்றவில்லை என்றார். தினமும் வரும் நூற்றுக்கணக்கான புகார்களைச் சலித்தெடுக்க ஒரு பழகிய அச்சு மனதில் இருந்தது, பின்டோ அந்த அச்சில் சிக்கவில்லை, அவ்வளவுதான். தண்டிக்க ஆள் இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. பொறுப்பு இருக்கிறது. ஆனால் கெட்டவரைத் தேடும் ஆய்வாளர் அந்த அச்சைப் பார்க்கத் தவறிவிடுவார். ஆளை மாற்றினாலும் அச்சு அங்கேயே இருக்கும்.

அபராதம் போட்டால் எல்லாம் சரியாகிவிடாதா? தூதர்கள் விஷயத்தில் ஆனதே.

அங்கே ஆனது. ஆனால் இஸ்ரேலின் ஹைஃபாவில் குழந்தைகள் காப்பகங்கள் பத்தில் நடந்து 2000இல் வெளியான சோதனை இன்னொரு முகத்தைக் காட்டியது. குழந்தையைக் கூட்டிப்போக 10 நிமிடத்துக்கு மேல் தாமதமாக வரும் பெற்றோருக்கு ஆறு காப்பகங்களில் 10 ஷெக்கெல் அபராதம் போட்டார்கள். தாமதம் ஏறக்குறைய இரட்டிப்பானது. அதுவரை ஆசிரியரைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும் தாமதம் விலை கொடுத்து வாங்கும் சேவையாகிவிட்டது. பிறகு அபராதத்தை நீக்கியும் தாமதம் பழைய அளவுக்குக் குறையவில்லை.

ஏன் இந்த வேறுபாடு? தூதர்களுக்கு வந்தது வெறும் விலை இல்லை, பலகையே போய்விடும் என்ற பயம். காப்பகத்தில் வந்தது தாங்கக்கூடிய சிறு தொகை. அது ஏற்கெனவே இருந்த நல்ல வழக்கத்தை இடம்பெயர்த்தது. நிறுவனத்தில் புதிய விதியை ஆராயும்போது, அதற்கு முன் அங்கே என்ன எழுதாத வழக்கம் இருந்தது என்று முதலில் கேளுங்கள்.

நான் வேலை செய்யும் நிறுவனத்தையே ஆராயலாமா? பெயரை மறைத்துவிட்டால் போதும்தானே?

ஆராயலாம். வெளியாள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெறும் நெருக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் நீங்கள் மேலாளர் என்றால் உங்கள் கீழ் வேலை செய்பவரின் சம்மதத்தை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நேரடி அதிகாரத்துக்கு உட்படாத பிரிவைத் தேர்ந்தெடுங்கள், அல்லது நேர்காணலை வேறொருவர் எடுக்கட்டும்.

பெயரை மாற்றுவது போதாது. 1958இல் ஒரு சிறிய அமெரிக்க ஊரைப் பற்றிய ஆய்வு நூல் புனைபெயரோடு வெளியானது. ஊரார் ஒவ்வொருவரையும் அடையாளம் கண்டுகொண்டார்கள், கொதித்துப்போனார்கள். சுதந்திர நாள் ஊர்வலத்தில் ஆய்வாளரின் உருவப் பொம்மையை எரு வாரும் வண்டியில் வைத்து இழுத்தார்கள். வெளியுலகுக்குத் தெரியாதது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்; ஒரு நிறுவனத்தில் உள்ளே இருப்பவர்தான் பதவி உயர்வையும் வேலைநீக்கத்தையும் தீர்மானிப்பவர். அதனால் பதவி, பாலினம், பிரிவு போன்ற விவரங்களைக் கலைத்து எழுதுங்கள். ஒரே ஒருவர் மட்டுமே சொல்லியிருக்கக்கூடிய மேற்கோளை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். சட்டவிரோதமான ஒன்று தெரியவந்தால் எதுவரை ரகசியம் காப்பீர்கள் என்பதைப் பேச்சு தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பாதியில் சொன்னால் அது துரோகம்.

புகழ்பெற்ற ஆய்வுகளே பொய் என்று வருகிறதே. அப்புறம் எதை நம்புவது?

கவலை நியாயமானது. 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, ஏறக்குறைய 36 சதவீதத்தில்தான் புள்ளியியல் அளவில் மறுபடி முடிவு கிடைத்தது. உறுதிமொழியைப் படிவத்தின் மேலே வைத்துக் கையெழுத்து வாங்கினால் நேர்மை கூடும் என்று 2012இல் வந்த கட்டுரையை அரசுகளும் நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன. அதே ஆய்வாளர்கள் 2020இல் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு, ஒரு காப்பீட்டுத் தரவு புனையப்பட்டது என்று தெரிந்து கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய ஆய்விலேயே இப்படி நடந்தது மனதை வருத்துகிறது.

எல்லாத் தோல்வியும் மோசடி இல்லை. வங்கி ஊழியர்களுக்குத் தங்கள் தொழிலை நினைவூட்டிவிட்டு நாணயம் சுண்டி, விழுந்ததைத் தாங்களே சொல்லி அதற்கேற்பப் பணம் பெறச் சொன்னால் அதிகம் ஏமாற்றுகிறார்கள் என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. வேறு பகுதிகளின் வங்கிகளில் செய்து 2019இல் வெளியான ஆய்வில் அந்த விளைவு தெளிவாக வரவில்லை. முதல் ஆய்வு பொய் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். வங்கிப் பண்பாடு எல்லா இடத்திலும் ஒன்று இல்லை என்பதாகவும் இருக்கலாம், அதுவே ஒரு கண்டுபிடிப்பு. எந்த ஒற்றை ஆய்வின் மேலும் ஆய்வேட்டைக் கட்டாதீர்கள். தரவு திறந்து வைக்கப்பட்டிருக்கிறதா, வேறு குழு வேறு இடத்தில் செய்து பார்த்ததா, கருதுகோள் தரவுக்கு முன்பே பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா என்று ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வாரத்தில் இன்னொரு முறை சரிபாருங்கள். திரும்பப் பெற்ற பிறகும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகள் நிறைய.

நிறுவனமே பணம் கொடுத்து எங்களைப் பற்றி ஆராயுங்கள் என்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

பணம் வாங்குவதால் மட்டும் ஆய்வு கெட்டுவிடாது. எந்த நிபந்தனையில் வாங்குகிறோம், அதை வெளியில் சொல்கிறோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1967இல் ஒரு முன்னணி மருத்துவ இதழில் இதய நோய்க்குக் கொழுப்பையே முக்கியக் காரணமாகக் காட்டி, சர்க்கரையின் பங்கைக் குறைத்துச் சொல்லும் கட்டுரை வந்தது. சர்க்கரைத் துறையின் அமைப்பு ஒன்று அதற்குப் பணம் கொடுத்திருந்தது 2016இல்தான், பழைய கடிதங்களைத் தோண்டியபோதுதான், தெரியவந்தது. அந்தக் காலத்தில் அதை அறிவிக்கும் விதி அந்த இதழில் இல்லை. மேலே சேலஞ்சர் பற்றிச் சொன்னதுபோல, விதிப்படியே நடந்தது.

கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். முடிவு எதுவானாலும் வெளியிடும் உரிமை உங்களுடையது. நிறுவனம் வரைவைப் படித்துத் தகவல் பிழைகளைச் சொல்லலாம், ஆனால் நீக்கச் சொல்ல முடியாது. ஊழியர்கள் சொன்னதன் மூலப் பதிவுகள் நிறுவனத்தின் கைக்குப் போகாது. மூன்றாவதில்தான் பெரும்பாலும் பேச்சுவார்த்தை முறியும். தரவுக்கு நாங்கள்தானே பணம் கொடுத்தோம், அது எங்களுடையதுதானே என்பார்கள். அதற்கு ஒப்புக்கொண்டால், சொந்த நிறுவனத்தை ஆராய்வது பற்றிய கேள்வியில் ஊழியர்களுக்குக் கொடுக்கச் சொன்ன ரகசிய வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. முறிந்தால் முறியட்டும். அதே நிறுவனத்தைப் பற்றிய நீதிமன்றத் தீர்ப்புகள், ஆண்டறிக்கைகள், முன்னாள் ஊழியர்கள் என்று யாருடைய அனுமதியும் பணமும் தேவைப்படாத வழிகள் இருக்கின்றன. பல நல்ல ஆய்வுகள் அப்படி எழுதப்பட்டவைதான்.